சிற்றில் உரைத்த உண்மை

நுழையும்முன்

சிறுமியர் மணலில் சிறு வீடு கட்டி விளையாடுவதுண்டு. அவ்விளையாட்டு வீட்டைச் சிற்றில் என்று நம் முன்னோர் அழைத்தனர். செல்வக் குடும்பத்தில் பிறந்த அம்மையார் ஒருவர், அறுபது வயதைக் கடந்தபின் சிற்றில்கள் பல அமைத்தார். அவை பொழுதுபோக்கிற்காக அமைந்தவை அல்ல. குற்றம் நிகழ்ந்த இடத்தை எவ்வாறு பார்க்க வேண்டும் என்பதைக் காவலர்களுக்குக் கற்பிக்க அமைந்தவை. தடய அறிவியல் பயிற்சிக்கு வழிகாட்டிய அவரது வாழ்வை இப்பாடத்தில் அறிவோம்.

பிறப்பும் இளமையும்

அமெரிக்க நாட்டின் பெருநகரங்களுள் ஒன்று சிகாகோ. அந்நகரில் 1878ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் பிரான்சிஸ் கிளெஸ்னர் பிறந்தார். அவருடைய தந்தையார் ஜான் ஜேகப் கிளெஸ்னர், வேளாண் கருவிகள் செய்யும் தொழிலில் பெரும்பொருள் ஈட்டியவர். பிரெய்ரி அவென்யூ என்னும் தெருவில், புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ரிச்சர்ட்சன் வடிவமைத்த மாளிகையில் அக்குடும்பம் வாழ்ந்தது. 1887இல் கட்டி முடிக்கப்பட்ட அம்மாளிகை இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது.

பிரான்சிசும் அவருடைய அண்ணன் ஜார்ஜும் வீட்டிலேயே ஆசிரியர்களிடம் கல்வி கற்றனர். வயது வந்ததும் அண்ணன் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். தங்கைக்கு அவ்வாய்ப்புக் கிட்டவில்லை. செல்வர் வீட்டுப் பெண் இல்லறத்திற்கு உரியவற்றைக் கற்றால் போதும் என்று கருதிய காலம் அது. தையல், பின்னல், ஓவியம், வீட்டை அழகுற அமைத்தல் ஆகியவற்றில் பிரான்சிஸ் தேர்ச்சி பெற்றார்.

சிறியவற்றை நுட்பமாகச் செய்யும் ஆற்றல் அவரிடம் இயல்பாகவே இருந்தது. தம் தாயாரின் பிறந்தநாள் பரிசாக, 1913ஆம் ஆண்டில் சிகாகோ இசைக்குழுவைப் பொம்மை வடிவில் உருவாக்கினார். அதில் 90 கலைஞர்கள் இருந்தனர். ஒவ்வொருவருக்கும் உரிய இசைக்கருவியைச் செய்து அளித்திருந்தார். இந்தக் கைத்திறன் பின்னாளில் நீதிக்குத் துணைபுரியும் என்பதை அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்.

இருபது வயது நிறையும் முன்னரே, 1898இல், பிளூவெட் லீ என்னும் வழக்கறிஞருக்கும் அவருக்கும் திருமணம் நடந்தது. அவர்களுக்கு மக்கள் மூவர் பிறந்தனர். எனினும் அம்மணவாழ்வு நிலைக்கவில்லை. 1914இல் இருவரும் சட்டப்படி பிரிந்தனர். அதன்பின்னும் அவர் பிரான்சிஸ் கிளெஸ்னர் லீ என்றே அறியப்பட்டார்.

நட்பு காட்டிய வழி

அண்ணன் ஜார்ஜுடன் ஹார்வர்டில் பயின்றவர் ஜார்ஜ் பர்கெஸ் மக்ராத். அவர் பாஸ்டன் நகரில் மருத்துவ ஆய்வாளராகப் பணிபுரிந்தார். ஐயத்திற்கு இடமான முறையில் ஒருவர் இறந்தால், அவ்விறப்பின் காரணத்தை ஆராய்ந்து கண்டறிவதே அவருடைய பணி. தாம் ஆராய்ந்த நிகழ்வுகளைப் பற்றி மக்ராத் கூறுவதை லீ அம்மையார் ஆர்வத்துடன் கேட்பது வழக்கம்.

அவ்வுரையாடல்களிலிருந்து அம்மையார் ஒரு பெருங்குறையை உணர்ந்தார். அக்காலத்தில் அமெரிக்காவின் பல பகுதிகளில், ஐயத்திற்குரிய இறப்புகளை விசாரிக்கும் பொறுப்பு கொரோனர் என்னும் அலுவலரிடம் இருந்தது. பெரும்பாலும் அவர் தேர்தலில் வாக்குப் பெற்று வந்தவர். அவருக்கு மருத்துவ அறிவு இருக்க வேண்டும் என்னும் விதி பல இடங்களில் இல்லை. பாஸ்டன் அமைந்துள்ள மாசசூசெட்ஸ் மாநிலம் மட்டும் 1877ஆம் ஆண்டிலேயே அம்முறையைக் கைவிட்டு, மருத்துவர்களிடம் அப்பொறுப்பை ஒப்படைத்திருந்தது.

இறப்பின் காரணத்தைத் தவறாக முடிவு செய்தால் நேரும் தீங்குகள் இரண்டு. குற்றம் செய்தவர் தப்பிவிடுவார். அல்லது குற்றம் செய்யாதவர் சிறைக்குச் செல்வார். இரண்டுமே அநீதி. இவ்வநீதி தீய எண்ணத்தால் மட்டும் நேர்வதில்லை. பார்க்கத் தெரியாமையாலும் நேர்கிறது என்பதை அம்மையார் உணர்ந்தார். பார்க்கத் தெரியாதவருக்குப் பார்க்கக் கற்பிக்கலாம் அல்லவா? அதையே அவர் தம் வாழ்வின் பணியாக ஏற்றார்.

கல்வித்துறைக்குக் கொடை

அம்மையார் இப்பணியைத் தொடங்கியபோது அவருக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது. அவர் பட்டம் பெற்றவர் அல்லர், மருத்துவரும் அல்லர். ஆயினும் தம்மிடம் இருந்த செல்வத்தையும் உழைப்பையும் தயங்காமல் இதற்குச் செலவிட்டார். 1931ஆம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சட்ட மருத்துவத் துறை தோன்ற அவர் பொருளுதவி அளித்தார். மக்ராத் அத்துறையின் பேராசிரியரானார். 1934இல் ஏறத்தாழ 1,000 நூல்கள் கொண்ட நூலகத்தை அத்துறைக்கு வழங்கி, அதற்கு மக்ராத்தின் பெயரைச் சூட்டினார். 1936இல் மேலும் 2,50,000 டாலர் நிதி அளித்தார்.

எந்தப் பல்கலைக்கழகத்தில் தாம் மாணவியாகப் பயில இயலவில்லையோ, அதே பல்கலைக்கழகத்தில் ஒரு புதிய கல்வித்துறை வேரூன்ற அவர் காரணமானார்.

முதலில் வருபவர் காவலரே

மருத்துவர்கள் மட்டும் பயிற்சி பெற்றால் போதாது என்பதை அம்மையார் விரைவில் உணர்ந்தார். நிகழ்விடத்திற்கு முதலில் வந்து சேர்பவர் காவலரே. அவர் அறியாமல் ஒரு நாற்காலியை நகர்த்திவிட்டால், அது இருந்த இடம் சொல்லும் செய்தி அழிந்துவிடும். தரையில் படிந்த கறையை மிதித்துவிட்டால், அதன் வடிவம் மாறிவிடும். துப்பாக்கிக் குண்டு துளைத்த ஆடையின் துளைக்குள் விரலை நுழைத்துப் பார்க்கும் காவலரும் அந்நாளில் இருந்தனர். அவ்வாறு செய்தால் துளையின் உண்மையான அளவே மாறிவிடும். ஒருமுறை அழிந்த தடயத்தை எத்தகைய வல்லுநராலும் மீட்க இயலாது.

அப்படியானால் காவலர்களுக்கு எவ்வாறு பயிற்சி அளிப்பது? குற்றங்கள் வகுப்பு நடைபெறும் நாளுக்காகக் காத்திருப்பதில்லை. நிகழ்ந்தாலும், அவ்விடத்திற்குப் பலரை அழைத்துச் சென்றால் தடயங்கள் அழிந்துவிடும். நூலில் படித்தால் அறிவு வளரும். ஆனால் கண் பழகாது. நிழற்படம் ஒரு பக்கத்தை மட்டுமே காட்டும். இச்சிக்கலுக்கு அம்மையார் கண்ட விடையே சிற்றில்.

கையளவு வீடுகள்

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் இருந்த தம் குடும்பப் பண்ணையில் அம்மையார் தொழிற்கூடம் ஒன்றை அமைத்தார். ரால்ப் மோஷர் என்னும் தச்சர் அவருக்குத் துணைநின்றார். 1940களில் இருவரும் சேர்ந்து நிகழ்விட மாதிரிகளை ஒவ்வொன்றாக உருவாக்கினர். உண்மையில் ஓர் அடி நீளமுள்ள பொருள், மாதிரியில் ஓர் அங்குலமாக இருந்தது. ஆறடி உயரக் கதவு ஆறு அங்குலக் கதவாயிற்று.

உண்மை நிகழ்வுகளை அடிப்படையாகக் கொண்டே அம்மையார் இவற்றை அமைத்தார். பெயர்களையும் சில விவரங்களையும் மட்டும் மாற்றினார். ஒவ்வொரு மாதிரியும் ஓர் அறை, ஒரு குடிசை அல்லது ஒரு கொட்டகை. அவற்றிலுள்ள கதவுகள் திறந்து மூடும். பூட்டுகளில் சாவி சுழலும். சுவரில் உரிய மாதத்தைக் காட்டும் நாட்காட்டி தொங்கும். அடுக்களைப் பெட்டிகளின்மேல் எழுத்துகள் அச்சாகியிருக்கும். பொம்மைகளின் காலுறைகளைக் குண்டூசிகளைக் கொண்டு அம்மையார் தம் கையாலேயே பின்னினார்.

இவை வெறும் அழகிற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஒவ்வொரு சிறு பொருளும் ஒரு செய்தியைச் சொல்லக்கூடியது. எடுத்துக்காட்டாக, சமையலறை மாதிரி ஒன்றைக் காண்போம். அங்கே ஒரு பெண் தரையில் இறந்து கிடக்கிறார். எரிவாயு அடுப்பின் குழாய்கள் திறந்துள்ளன. கதவின் இடுக்கில் செய்தித்தாள் திணிக்கப்பட்டுள்ளது. விரைந்து முடிவு செய்பவர் இவ்வளவோடு விசாரணையை முடித்துவிடுவார். ஆனால் கூர்ந்து நோக்குபவர் மேலும் சிலவற்றைக் காண்பார். உருளைக்கிழங்குகள் தோல் சீவிய நிலையில் உள்ளன. அப்பொழுதுதான் வெந்த இனிப்பு அப்பம் அடுப்பில் உள்ளது. துணிகளுக்கு மடிப்புப் போடும் பலகை விரித்தபடி உள்ளது. அன்றைய வேலைகளை இயல்பாகச் செய்துகொண்டிருந்த ஒருவரின் அறையல்லவா இது? அவருக்கு நேர்ந்தது என்ன? இவ்வினாவை எழுப்பத் தெரிந்தவரே நல்ல விசாரணையாளர்.

பொம்மைகளின் உடல் நிறத்திலும் அறிவியல் உண்டு. ஒருவர் இறந்தபின் குருதி ஓட்டம் நின்று, குருதி உடலின் தாழ்ந்த பகுதியில் தங்கும். அப்பகுதியின் தோல் நிறம் மாறும். மல்லாந்து கிடக்கும் உடலின் மேற்பகுதியில் அந்நிறம் காணப்பட்டால், இறந்தபின் எவரோ அவ்வுடலைத் திருப்பியிருக்க வேண்டும். உடற்கூறாய்வுகளை நேரில் கண்டு இத்தகைய செய்திகளை அறிந்த அம்மையார், அவற்றைப் பொம்மைகளில் பிழையின்றித் தீட்டினார்.

மற்றொரு சிறப்பும் நினைக்கத்தக்கது. அம்மையார் மாளிகையில் வளர்ந்தவர். ஆனால் அவருடைய மாதிரிகளுள் பல எளிய மக்களின் இல்லங்களையே காட்டுகின்றன. இறந்தவர்களுள் பலர் பெண்களும் வறியவர்களும் ஆவர். எளியவரின் இறப்பைப் பற்றிக் கேள்வி கேட்பவர் குறைவு. அதனாலேயே அங்குக் கூடுதல் கவனம் வேண்டும் என்பதை அச்சிற்றில்கள் உணர்த்துகின்றன.

குற்றமுடையவரைத் தண்டிக்கவும், குற்றமற்றவரை விடுவிக்கவும், உண்மையைக் கொட்டையின் ஓட்டுக்குள் இருந்து எடுப்பதுபோல் வெளிக்கொணரவும் வேண்டும் என்னும் கருத்து அந்நாட்டுக் காவலரிடையே வழங்கியது. அதனால் தம் மாதிரிகளுக்குக் கொட்டை ஓடு என்னும் பொருள்படும் நட்ஷெல் என்ற பெயரை அம்மையார் சூட்டினார்.

பயிற்சி நடைபெற்ற முறை

1943ஆம் ஆண்டு நியூ ஹாம்ப்ஷயர் மாநிலக் காவல்துறை லீ அம்மையாருக்குக் கேப்டன் என்னும் மதிப்புறு பதவியை அளித்தது. 1945 முதல் ஹார்வர்டில் காவலர்களுக்கான பயிற்சி வகுப்புகளை அவர் நடத்தினார். அவை ஆண்டுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் நடைபெற்றன. மருத்துவ வல்லுநர்கள் பாடம் நடத்தினர். அதனோடு, மாதிரிகளைக் கொண்டு செய்முறைப் பயிற்சியும் நடந்தது.

பயிற்சிக்கு வந்த ஒவ்வொருவருக்கும் மாதிரிகள் ஒதுக்கப்பட்டன. ஆராய்வதற்குத் தொண்ணூறு நிமிடங்கள் தரப்பட்டன. மாதிரியுடன் சாட்சி கூறியதாக ஒரு சிறு குறிப்பும் இருக்கும். அக்குறிப்பு முழுதும் உண்மையாக இருக்க வேண்டும் என்பதில்லை. சாட்சி தவறாக நினைவுகூர்ந்திருக்கலாம். எதையேனும் மறைத்தும் இருக்கலாம். ஆகவே, கேட்டதைக் கண்டதனோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

பார்ப்பதற்கும் ஒரு முறை இருந்தது. அறையின் ஓர் ஓரத்தில் தொடங்கி, வலஞ்சுழியாகச் சுற்றி, சிறிது சிறிதாக நடுப்பகுதியை அடைய வேண்டும். பொதுவாக நம் கண் முதலில் இறந்தவரின்மேல் விழும். பிறகு வேறெதையும் காணாது. ஓரத்திலிருந்து தொடங்குபவர் சன்னலையும் கதவையும் மேசையையும் தவறவிட மாட்டார். உரிய நேரம் முடிந்தபின், கண்டவற்றை அனைவர் முன்னிலையிலும் எடுத்துரைக்க வேண்டும்.

குற்றவாளி யார் என்பதைக் கண்டுபிடிப்பது இப்பயிற்சியின் நோக்கம் அன்று. இது விடுகதை விளையாட்டும் அன்று. கண்டதைக் கண்டவாறு கூறுதல், கண்டதையும் கருதியதையும் வேறு பிரித்தல், முன்கூட்டியே முடிவு செய்யாதிருத்தல் ஆகியவையே இதன் நோக்கங்கள். முடிவை முதலில் மனத்தில் கொண்டு அதற்கேற்பத் தடயம் தேடுபவர், தம் எண்ணத்திற்கு மாறானதைக் காண மாட்டார். அத்தகைய பார்வையால் குற்றமற்றவர் துன்புற நேரும் என்பதை அம்மையார் நன்கு அறிந்திருந்தார்.

பெரி மேசன் என்னும் வழக்கறிஞரைத் தலைவராகக் கொண்டு துப்பறியும் கதைகள் பல எழுதிய எர்ல் ஸ்டான்லி கார்ட்னரும் இவ்வகுப்பில் கலந்துகொண்டார். அவர் தம் நாவல்களுள் ஒன்றை லீ அம்மையாருக்குக் காணிக்கையாக்கினார்.

என்றும் நிற்கும் பணி

லீ அம்மையார் 1962ஆம் ஆண்டு சனவரி 27ஆம் நாள், தம் 83ஆம் வயதில் மறைந்தார். 1967இல் ஹார்வர்டில் அத்துறை மூடப்பட்டது. எனினும் அவர் அமைத்த மாதிரிகள் அழியவில்லை. மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் நகரிலுள்ள தலைமை மருத்துவ ஆய்வாளர் அலுவலகம் அவற்றைப் பெற்றுப் பாதுகாத்தது. அங்குள்ள 18 மாதிரிகளைக் கொண்டு இக்காலத்திலும் விசாரணையாளர்கள் பயிற்சி பெறுகின்றனர். அவற்றின் விடைகள் பொதுமக்களுக்கு வெளியிடப்படுவதில்லை. வெளியிட்டால் பயிற்சிக்குப் பயன்படாது அல்லவா? 2017ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரிலுள்ள ரென்விக் கலைக்கூடத்தில் அவை மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன.

இன்று மரபணு ஆய்வு, கணினி, நுண்ணோக்கி எனக் கருவிகள் பெருகிவிட்டன. ஆயினும் எந்தத் தடயத்தை ஆய்வகத்திற்கு அனுப்ப வேண்டும் என்பதை முதலில் காண்பது மனிதரின் கண்ணே. கண்டும் காணாமல் விட்ட பொருளை எக்கருவியும் ஆராய இயலாது.

வீட்டிற்குள் மட்டுமே பயன்படும் எனக் கருதப்பட்ட ஊசியும் நூலும் நீதியின் கருவிகளாயின. எந்தக் கைத்திறனும் சிறிதன்று. எந்தத் தடயமும் சிறிதன்று. இவ்விரண்டையும் தம் வாழ்வால் மெய்ப்பித்தவர் பிரான்சிஸ் கிளெஸ்னர் லீ.

தெரிந்து தெளிவோம்

தடய அறிவியல் வரலாற்றில் இந்தியாவிற்கும் சிறப்பிடம் உண்டு. 1897ஆம் ஆண்டு கொல்கத்தாவில் விரல்ரேகை அலுவலகம் தொடங்கப்பட்டது. விரல்ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்குவதில் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகிய இந்திய அலுவலர்கள் இருவரும் பெரும்பங்கு ஆற்றினர். குஜராத் மாநிலத்தின் காந்திநகரில் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது.

சொல்லும் பொருளும்

சிற்றில் – விளையாட்டாகக் கட்டும் சிறு வீடு
தடயம் – நிகழ்ந்ததை அறிய உதவும் அடையாளம்
ஐயம் – சந்தேகம்
குருதி – இரத்தம்
வறியவர் – ஏழை
உடற்கூறாய்வு – இறந்தவர் உடலை அறுத்து ஆராய்தல்
வலஞ்சுழி – கடிகார முள் செல்லும் திசையில் சுற்றுதல்

பயிற்சி

அ. பிரித்து எழுதுக.
1. சிற்றில் = ______ + ______
2. கைத்திறன் = ______ + ______
3. நிகழ்விடம் = ______ + ______

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. கொரோனர் முறையில் இருந்த குறை யாது?
2. மக்ராத் என்பவர் யார்? அவருடைய பணி யாது?
3. நிகழ்விடத்தை ஓரத்திலிருந்து பார்க்கத் தொடங்குவது ஏன்?

இ. விரிவான விடை எழுதுக.
1. காவலர் பயிற்சிக்கு நூலும் நிழற்படமும் போதா என்பதை விளக்குக.
2. முன்கூட்டியே முடிவு செய்வதால் குற்றமற்றவர் துன்புற நேரும். இக்கருத்தைப் பாடத்தின் துணைகொண்டு நிறுவுக.

ஈ. செய்து பார்ப்போம்.
மேசையொன்றில் பன்னிரண்டு பொருள்களை வைத்து, இரண்டு நிமிடம் பார்த்தபின் துணியால் மூடுக. கண்டவற்றைத் தனித்தனியே எழுதுக. பிறகு நண்பர்களின் பட்டியலோடு ஒப்பிடுக. கண்டவை எவை, இருக்கும் என்று கருதி எழுதியவை எவை எனப் பிரித்துக் காட்டுக.